மின்தேக்கியின் குரல்

ஒலிக்கருவிப் பிரியர்களின் பேச்சைச் சற்றுத் தள்ளி நின்று கேட்டால் சபைக் கச்சேரி விமர்சனம் போலவே இருக்கும். இந்த மின்தேக்கி இனிமையானது, அது வறண்டது, இன்னொன்று குரலை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பார்கள். கடைவீதியில் 'கண்டென்சர்' என்று கேட்டால் எடுத்துத் தரும், இரண்டு கால் முளைத்த ஒரு சிறு உருளைக்கா இத்தனை அடைமொழிகள் என்று புதியவர் திகைக்கக்கூடும்.

அடைமொழிகளுக்கு ஓர் அடிப்படை உண்டு. 1980ஆம் ஆண்டு 'ஆடியோ' என்ற அமெரிக்க இதழில் வால்ட் ஜங், ரிச்சர்ட் மார்ஷ் இருவரும் எழுதிய கட்டுரை, மின்தேக்கிகள் ஒலியை மாற்றும் விதத்தை அளவுகளோடு பேசியது. உள்ளிருக்கும் காப்புப்பொருள் மின்னூட்டத்தில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டு தாமதமாகத் திருப்பித் தரும் குணம் அவற்றுள் ஒன்று. ஒலிக்கென்றே செய்யப்படும் மின்தேக்கிகள் இன்று தனி வகையாகவே விற்கப்படுகின்றன. நிச்சிகான் நிறுவனத்தின் ஒரு வரிசைக்குப் பெயரே ஃபைன் கோல்டு. எல்னாவின் சில்மிக் வகையில், உள்ளே சுருட்டிய காகிதத்தில் பட்டு இழை கலந்திருக்கும். சிறிய அளவுகளில் ஒன்றின் விலை ஒரு வேளைக் காப்பிச் செலவுக்குள் அடங்கிவிடும். சிக்கல் எண்ணிக்கையில்தான். ஓர் ஆம்ப்ளிஃபையரைத் திறந்தால் பல டஜன் இருக்கும்.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றும், நாதஸ்வரக் கச்சேரிகள் பதிவான ஒலிநாடாக்களும் உண்டு. கருவி இரையத் தொடங்கியிருந்தது. எல்லா மின்தேக்கிகளையும் ஒலிக்கான உயர்வகையாக மாற்றச் சொல்லி யாரோ எழுதிக் கொடுத்த பட்டியல், அவருடைய ஓய்வூதியத்தில் கணிசமான பகுதியை விழுங்கக்கூடியது. "தம்பி, இதையெல்லாம் மாற்றினால் வாத்தியம் நன்றாகக் கேட்குமா?" என்றார். என் பொழுதுபோக்கு, இன்னொருவரின் மாதச் செலவோடு மோதிய தருணம் அது.

இரைச்சலுக்குக் காரணம் மின்வழங்கிப் பகுதியிலிருந்த இரண்டு பெரிய எலக்ட்ரோலிடிக் மின்தேக்கிகள். வெப்பத்தில் உலர்ந்து போயிருந்தன. அந்த இடத்துக்குப் பட்டு இழை வேண்டியதில்லை. 105 பாகை வெப்பம் தாங்கும் நல்ல சாதாரண வகை போதும். பத்துப் பாகை குறையக் குறைய இவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பழகிய கணக்கு.

ஒலி கடந்து செல்லும் வழியில் இருப்பவை வேறு. அங்கே மின்தேக்கியின் இரு முனைகளுக்கிடையே சமிக்ஞையின் மின்னழுத்தம் எவ்வளவு விழுகிறதோ, அந்த அளவுக்கே அது ஒலியைத் திரிக்க முடியும். 10 கிலோ ஓம் தடைக்கு முன்னால் 1 மைக்ரோஃபாரட் வைத்தால் 16 ஹெர்ட்ஸ் அருகிலேயே ஒலி தேயத் தொடங்கும். 10 மைக்ரோஃபாரட் வைத்தால் அந்த எல்லை 1.6 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தவிலின் அடியொலியும் தடையின்றிக் கடக்கும். பெயரைவிட அளவு முக்கியம் என்பது இதனால்தான்.

மலிவாகக் கிடைக்கும் சிறப்பு வகைகளில் போலிகளும் கலந்திருப்பதால், வாங்கியதும் சோதித்துவிடுவது என் வழக்கம். முதலில் ஸ்கேலை எடுத்து, தயாரிப்பாளரின் விவரத்தாளில் உள்ள உயரமும் விட்டமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பேன். அடுத்தது கசிவு. 10 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்று அச்சிட்ட பல வகைகளில், முழு மின்னழுத்தம் கொடுத்து இரண்டு நிமிடம் கழித்து 5 மைக்ரோஆம்பியருக்கு மேல் கசியக் கூடாது என்பது விவரத்தாள் விதிக்கும் வரம்பு. நெடுநாள் கடையில் கிடந்தவை முதலில் கூடுதலாகக் கசிந்து மெல்லச் சீராகும், சீராகாதவற்றை ஒதுக்கிவிடலாம். பாலிபுரொப்பிலீன் என்று சொல்லி பாலியெஸ்டரை விற்றால் அதையும் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸில் பாலியெஸ்டரின் இழப்பு ஏறத்தாழ பத்து மடங்கு அதிகம்.

செவிக்கும் ஒரு சோதனை வைத்தோம். ஒலி செல்லும் வழியில் சாதாரண வகையையும் சிறப்பு வகையையும் ஒரே அளவில் பொருத்தி, இடையே ஒரு சுவிட்ச் வைத்தேன். ஆசிரியரின் பேத்தி நாணயத்தைச் சுண்டி, விழுந்ததற்கேற்ப எங்களுக்குத் தெரியாமல் மாற்றினாள். ஐம்பதாண்டுகளாக நாதஸ்வரம் கேட்ட செவி அவருடையது. எனினும் பாதிக்குப் பாதிதான் சரியாகச் சொன்னார். என் கணக்கும் அதேதான். இரைச்சல் நின்றதை மட்டும் முதல் நொடியிலேயே கண்டுகொண்டார்.

ஒலிக்கான மின்தேக்கியே வீண் என்று இதனால் நான் சொல்ல வரவில்லை. கசிவு குறைந்ததை, அளவு பிசகாததை, நெடுநாள் உழைப்பதைத் தேடி வாங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் விலையும் பெயரும் தெரிந்த பிறகு காதில் கேட்கும் இனிமையை நம்பி ஒருவரைச் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நல்ல மின்தேக்கி வந்ததை வந்தபடி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இனிமை, வறட்சி போன்ற சொற்களை நாதஸ்வரக்காரருக்கு விட்டுவிடலாம்.