நடுவரிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

2008 ஏப்ரல் 26. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள எல்லன்ஸ்பர்க் நகரில் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் சாஃப்ட்பால் அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. உள்ளூர் அணி சென்ட்ரல் வாஷிங்டன். எதிரணி வெஸ்டர்ன் ஒரிகன். ஆட்டப் பருவம் முடியும் தறுவாய். அடுத்த சுற்றுக்குச் செல்லும் கனவு இரு தரப்புக்கும் உண்டு. இரண்டாவது இன்னிங்ஸில், எவரும் ஓட்டம் எடுத்திராத நிலையில், தோழியர் இருவர் தளங்களில் நிற்க, வெஸ்டர்ன் ஒரிகனின் சாரா டக்கோல்ஸ்கி மட்டையோடு வந்தார். ஐந்தடி இரண்டங்குல உயரம், இறுதியாண்டு மாணவி. பள்ளி நாட்களிலிருந்து அதுவரை அவர் ஒரு ஹோம் ரன்கூட அடித்ததில்லை. அன்று அடித்த பந்து வேலியைத் தாண்டி விழுந்தது.

கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்தவர் ஓட வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்தே ஆறு ஓட்டங்கள் அவர் கணக்கில் சேரும். சாஃப்ட்பாலில் அப்படியில்லை. பந்து வேலிக்கு அப்பால் போனாலும், அடித்தவர் மூன்று தளங்களையும் வரிசையாக மிதித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால்தான் ஓட்டம் கணக்கில் ஏறும். மகிழ்ச்சியில் சாரா முதல் தளத்தை மிதிக்காமலே கடந்துவிட்டார். தவற்றை உணர்ந்து சட்டெனத் திரும்பியபோது வலது முழங்காலின் தசைநார் அறுந்தது. தவழ்ந்தபடியே முதல் தளத்துக்குத் திரும்பி அதைப் பற்றிக்கொண்டார். அதற்குமேல் அவரால் நகர முடியவில்லை.

அவருடைய பயிற்சியாளர் பாம் நாக்ஸ் நடுவரிடம் வழி கேட்டார். சொந்த அணியினர் தொட்டுத் தூக்கினால் சாரா ஆட்டமிழந்தவர் ஆவார். மாற்று ஓட்டக்காரரை நிறுத்தினால் தோழியரின் இரண்டு ஓட்டங்கள் நிற்கும், ஆனால் அந்த அடி ஹோம் ரன்னாகக் கணக்கில் சேராது. நடுவர் சொன்னது இவ்வளவுதான். நாக்ஸ் தயங்கி நின்றபோது, முதல் தளத்தைக் காத்துக்கொண்டிருந்த எதிரணி வீராங்கனை மேலரி ஹோல்ட்மன் குறுக்கிட்டார். நாங்கள் தூக்கிச் சென்று தளங்களைத் தொட வைக்கலாமா என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். விதியில் அதற்குத் தடையில்லை என்றார் நடுவர்.

ஹோல்ட்மனும் அவருடைய அணியின் லிஸ் வாலஸும் ஆளுக்கொரு பக்கமாகச் சாராவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொரு தளத்திலும் நின்று, அவருடைய இடது பாதம் தளத்தில் படும்படி மெதுவாகத் தாழ்த்தினார்கள். இந்தக் கோலம் பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியுமோ என்று வழியில் மூவரும் சிரித்துக்கொண்டதாகவும் பின்னாளில் சொல்லப்பட்டது. வெஸ்டர்ன் ஒரிகனுக்கு மூன்று ஓட்டங்கள் கிடைத்தன. ஆட்டத்தின் முடிவு 4-2. சென்ட்ரல் வாஷிங்டனின் அந்த ஆண்டுக் கனவு அத்துடன் முடிந்தது. மூன்று ஓட்டங்களில் தங்கள் கையால் சுமந்து சென்ற ஓட்டமும் ஒன்று என்பது அந்த இருவருக்கும் தெரியாததல்ல.

விளையாட்டுப் பண்பைப் பற்றி இளையோருக்குப் பேசும் எவரும் இந்த நிகழ்ச்சியை விட்டுவைப்பதில்லை. பரிசுகளும் பாராட்டுகளும் அதற்குக் குவிந்தன. ஆனால் சொல்லிச் சொல்லி அது ஒரு கருணைக் கதையாகக் குறுகிவிட்டது. இளகிய மனம் கொண்ட இருவர் எதிரியையும் தூக்கினார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். ஹோல்ட்மன் செய்த முதற் செயல் தூக்கியது அன்று, கேட்டது. அவர் விதியைப் புறந்தள்ளவில்லை. விதி எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று நடுவரிடமே தெரிந்துகொண்டு, தடுக்கப்படாத அந்தச் சிறு இடத்துக்குள் நுழைந்தார். உணர்ச்சிவேகத்தில் ஓடிப்போய்த் தூக்கியிருந்தாலும் புகைப்படம் இதே அழகோடு அமைந்திருக்கும். செயலின் தன்மைதான் வேறாகியிருக்கும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நடுவர் சொன்ன விதியே தவறு என்பது பிறகு தெரியவந்தது. பந்து வேலியைத் தாண்டிய பின் அடித்தவர் காயமுற்றால் மாற்று ஓட்டக்காரர் எஞ்சிய தளங்களைச் சுற்றி வரலாம். ஹோம் ரன் ஹோம் ரன்னாகவே நிற்கும். கல்லூரி விதிநூல் அதற்கு இடம் தந்திருந்தது. அதாவது அன்று எவரும் எவரையும் தூக்க வேண்டிய கட்டாயமே இருக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டி அந்தச் செயலின் மதிப்பைக் குறைத்துப் பேசியவர்களும் உண்டு. வாதம் பொருந்தாது. ஹோல்ட்மனுக்குக் கிடைத்த விடை நடுவர் சொன்னது ஒன்றுதான். அதை நம்பித் தன் அணிக்கு இழப்பு வரும் வழியை அவர் தேர்ந்தார். நூலகத்தில் விதிநூலைப் புரட்டுபவருக்குக் கிடைக்கும் தெளிவு களத்தில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை.

விளையாட்டு மெய்யியலில் ஜேம்ஸ் கீட்டிங் 1964இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடத்திட்டங்களில் இடம்பெறுகிறது. மகிழ்ச்சிக்காக ஆடுவதையும் வெற்றிக்காகப் போட்டியிடுவதையும் அவர் பிரித்தார். முன்னதன் அறம் பெருந்தன்மை. பின்னதன் அறம் நேர்மை, அதாவது விதியை ஒழுங்காகப் பின்பற்றுவது. போட்டியாளரிடம் பெருந்தன்மையை எதிர்பார்ப்பது பொருள் மயக்கம் என்பது அவர் வாதத்தின் போக்கு. தெளிவான பிரிவினை, வகுப்பறையில் விளக்க வசதியானது. எல்லன்ஸ்பர்க்கில் அது நிற்கவில்லை. ஆட்டம் வெற்றிக்கானது; தோற்றால் வெளியேற வேண்டியதுதான். ஆடியவர்களும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். சாராவைத் தூக்கி வந்த பிறகு ஹோல்ட்மனின் அணி வெல்வதற்காகவே தொடர்ந்து ஆடியது. இரண்டு ஓட்டங்களும் எடுத்தது. பெருந்தன்மை போட்டிக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த விருந்தாளி அன்று. எதிராளி அடித்த அடியை அடி என்று ஒப்புக்கொள்ளாவிட்டால், தான் பெறும் வெற்றி எதற்கான சான்று என்ற கேள்வி போட்டிக்குள்ளேயே இருக்கிறது. அறுந்த தசைநாரால் கிடைக்கும் ஆதாயம் எந்தத் திறமையையும் காட்டாது.

எல்லன்ஸ்பர்க் போன்ற நாட்கள் அரிது. சிறுமியரின் சாஃப்ட்பாலில் நன்னடத்தை பெரும்பாலும் மிகச் சிறிய காரியங்களில்தான் தேர்வுக்கு வருகிறது. அமெரிக்கச் சிறுமியர் அணிகளில், தம் அணி மட்டை பிடிக்கும்போது ஓரத்தில் அமர்ந்திருப்பவர்கள் ஒன்றுசேர்ந்து ராகம் போட்டுப் பாடுவது வழக்கம். தம் தோழியை உற்சாகப்படுத்தும் பாட்டு நல்ல பாட்டு. அதே பாட்டு, பந்து வீசுபவளின் கை சுழன்று பந்தை விடும் நொடியில் கூச்சலாக உயர்ந்தால் அதன் நோக்கம் வேறு. சொற்களில் குற்றம் இருக்காது, நேரத்தில் இருக்கும். பதினொரு வயதுக் குழந்தைக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரியும். தமிழ்நாட்டுத் தெருக்களில் ‘அழுகுணி ஆட்டம்’, ‘போங்கு’ என்று குழந்தைகள் குற்றம் சாட்டிக்கொள்ளும்போது எந்த விதிநூலையும் திறந்து பார்ப்பதில்லையே.

புரியாதது பெரும்பாலும் பெரியவர்களுக்குத்தான். அதற்குச் சான்று 2015 ஆகஸ்டில், எல்லன்ஸ்பர்க்குக்கு அடுத்த மாநிலமான ஒரிகனின் போர்ட்லண்ட் நகரில் கிடைத்தது. லிட்டில் லீக் அமைப்பின் சாஃப்ட்பால் உலகத் தொடர். ஆடியவர்கள் ஏறத்தாழப் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுமியர். ஒரு பிரிவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோஹோமிஷ் அணி அதுவரை தோல்வியே காணவில்லை, அரையிறுதி உறுதியாகிவிட்டது. கடைசி ஆட்டம் வட கரோலைனா அணியுடன். அதில் வாஷிங்டன் வென்றால் அயோவா அணி அரையிறுதிக்கு வரும். தோற்றால் மூன்று அணிகள் சமநிலையில் நிற்கும். சமநிலையைப் பிரிக்கும் கணக்கின்படி அயோவா வெளியேறும்.

வாஷிங்டன் 8-0 என்று தோற்றது. முன்னணி வீராங்கனைகள் களமிறங்கவில்லை. அணிக்கு ஒரு ஹிட்டும் கிடைக்கவில்லை. வலுவான அயோவாவை அரையிறுதியில் சந்திக்காமலிருக்கத் தோல்வி விலைக்கு வாங்கப்பட்டது என்று எதிர்ப்பு எழுந்தது. விதிப்படி பார்த்தால் குறை சொல்ல ஏதுமில்லை. யாரை ஆட வைப்பது, யாருக்கு ஓய்வு தருவது என்பது பயிற்சியாளரின் உரிமை. வாய்ப்புக் கிடைக்காத குழந்தைகளை ஆட வைப்பதுகூட ஒரு நற்செயல்தான். குழந்தைகள் விளையாட்டில் எல்லாருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று வலியுறுத்தும் அமைப்பும் அதே லிட்டில் லீக்தான். ஆக, ஒவ்வொரு முடிவையும் தனித்தனியே எடுத்தால் நியாயம் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் முகம் தெரிகிறது.

எல்லன்ஸ்பர்க்கில் கேட்கப்பட்டதும் இதே கேள்விதான்: விதி இதைத் தடுக்கிறதா? ஹோல்ட்மன் அதைக் கேட்டது, எதிராளிக்கு உரியது அவரிடம் சேருவதற்காக. போர்ட்லண்டில், குற்றச்சாட்டு மெய்யெனில், அதே கேள்வி வேறொருவருக்கு உரியதை அவரிடம் சேராமல் தடுப்பதற்காகக் கேட்கப்பட்டது. அயோவாச் சிறுமியர் அந்த ஆட்டத்தில் களத்திலேயே இல்லை.

லிட்டில் லீக் நிர்வாகம் எதிர்ப்பை ஏற்று அசாதாரணமான முடிவு எடுத்தது. வாஷிங்டனும் அயோவாவும் ஒரே ஓர் ஆட்டம் ஆட வேண்டும், வென்றவருக்கே அரையிறுதி. மறுநாள் நடந்த ஆட்டத்தில் அயோவா 3-2 என்று வென்றது. நீதி கிடைத்தது என்று பலர் எழுதினார்கள். அது பாதி நீதி. முடிவை எடுத்தவர்கள் பெரியவர்கள். தொடரைவிட்டு வெளியேறியவர்கள் சிறுமியர். முந்தைய நாள் ஓரத்தில் உட்கார வைக்கப்பட்ட வீராங்கனைகள் மறுநாள் முழு மூச்சோடு ஆடி ஓர் ஓட்ட வித்தியாசத்தில் தோற்றார்கள். விளையாட்டுப் பண்பு என்ற தலைப்பில் குழந்தைகளுக்கு அறிவுரை அச்சடித்துத் தரும் வழக்கம் உலகெங்கும் உண்டு. போர்ட்லண்ட் போன்ற ஒரு நாளில் அந்தத் தாளை வாங்கிப் படிக்க வேண்டியவர் யார்?

இந்தியர்களுக்கு இத்தகைய ஆட்டத்தின் வலி தெரியாததல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கின் மகளிர் இரட்டையர் பூப்பந்துப் போட்டியில் ஜ்வாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா இணை புள்ளி வித்தியாசக் கணக்கால் காலிறுதி வாய்ப்பை இழந்தது. அதே பிரிவில் நடந்த மற்றோர் ஆட்டம் முழு முயற்சியோடு ஆடப்படவில்லை என்று இந்தியா முறையிட்டது, முறையீடு ஏற்கப்படவில்லை. அதே தொடரில், வேண்டுமென்றே தோற்க முயன்றதற்காகச் சீனா, தென்கொரியா, இந்தோனேசியா நாடுகளின் நான்கு இணைகள் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. அவர்கள் வயதுவந்தவர்கள், தம் செயலுக்குத் தாமே பதில் சொல்லக்கூடியவர்கள். போர்ட்லண்ட் சிறுமியரை அவர்களோடு ஒரே தட்டில் வைக்க முடியாது.

இந்தியாவில் சாஃப்ட்பால் பெரும்பாலும் பள்ளி, பல்கலைக்கழகப் போட்டிகளின் ஆட்டம். பார்வையாளர் குறைவு, பணமும் குறைவு. ஆனால் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடமோ வேலையோ அதனால் கிடைக்கலாம். அந்தத் தாள் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றும் என்னும்போது, களத்துக்கு வெளியே நிற்கும் கைகள் களத்துக்குள் நீளும். வயது மோசடியைத் தடுக்க நடுவண் அரசு 2010இல் தனி விதித்தொகுப்பே கொண்டுவர வேண்டியிருந்தது. பிறந்த தேதியைத் திருத்துவது பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக் குழந்தையின் யோசனையாக இருக்காது. உடற்கல்வி ஆய்வுகளிலோ, பண்பை அளக்கும் வினாத்தாள் பெரும்பாலும் குழந்தையின் கையில்தான் கொடுக்கப்படுகிறது. பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் அதே வினாத்தாளை நீட்டும் ஆய்வுகள் இன்னும் கூடுதலாக வேண்டும்.

போர்ட்லண்டில் 2015இல் பன்னிரண்டு வயதாக இருந்தவர்களுக்கு 2025இல் இருபத்திரண்டு. ஹோல்ட்மன் நடுவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவரும் ஏறத்தாழ அந்த வயதினர்தான். அந்தச் சிறுமியரில் எத்தனை பேர் இன்னும் சாஃப்ட்பால் ஆடுகிறார்கள், அன்று ஓரத்தில் உட்கார வைக்கப்பட்டதற்கு அவர்களிடம் என்ன காரணம் சொல்லப்பட்டது என்பதை யாராவது அவர்களிடமே கேட்டு எழுதலாம்.