வாய்க்கேற்ற இரை

செஞ்சிக்கு வருகிறவர்களின் கண் ராஜகிரிக் கோட்டை மேலேயே இருக்கும். 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து பேச்சும் அதைப் பற்றித்தான். நான் போனது மீன் குஞ்சு பார்க்க. திண்டிவனம் - திருவண்ணாமலை சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் தகரச் சார்ப்பு, அதன் கீழே கண்ணாடித் தொட்டிகள், கழுத்தை அறுத்த தண்ணீர் கேன்கள், ஏர் பம்ப்பின் ஓயாத முனகல். வீட்டுக்காரர் பகலில் வேறு வேலைக்குப் போய்விடுவார். மீனைக் கவனிப்பதெல்லாம் அவர் மனைவிதான். கடைக்காரர்கள் போன் போடுவது மட்டும் வீட்டுக்காரருக்கு.

"சத்தம் போடாம வாங்கண்ணா. நிழல் விழுந்தாலே ஆண் மிரண்டு முட்டையைத் தின்னுடும்" என்றார் மனைவி.

தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்கூட இல்லை. உள்ளே ஒரு ஃபைட்டர் மீன் ஜோடி. மிதக்கும் பாதாம் இலைச் சருகின் அடியில் ஆண் வாயால் காற்றை உறிஞ்சி நுரை நுரையாகக் கூடு கட்டியிருந்தது. கூட்டுக்குக் கீழே அது தன் உடலை வளைத்துப் பெண்ணைச் சுற்றிக்கொள்கிறது. இரண்டும் சில நொடி செத்ததுபோல் நிற்க, ரவை மாதிரி வெள்ளை முட்டைகள் நழுவுகின்றன. ஆண் முதலில் விழித்துக்கொண்டு பாய்ந்து, ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி நுரைக்குள் ஊதி ஒட்டுகிறது. பிறகு மறுபடி வளைக்கிறது. மணிக்கணக்கில் இதே வேலை. முடிந்ததும் பெண்ணை வலை போட்டு எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் ஆண் அதைக் குதறி எடுத்துவிடும். அதற்குமேல் காவல் முழுக்க அப்பனுடையது.

பக்கத்துத் தொட்டியில் முந்தைய ஈடு. ஒன்றிரண்டு நாளில் முட்டை பொரிந்து, வால் கீழே தொங்க நுரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குஞ்சுகள். ஒன்று நழுவினால் அப்பன் கவ்விக்கொண்டு வந்து மேலே வைக்கிறது. வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருதான் அவற்றின் கட்டுச்சோறு. அது தீரும்போது குஞ்சு குறுக்கே நீந்தத் தொடங்கும். அன்றைக்கு அப்பனையும் அப்புறப்படுத்திவிடுவார்.

"இதுவரைக்கும் மீனே பாத்துக்கும். இதுக்கு மேலதான் நமக்கு வேலை" என்றார்.

வீட்டில் மீன் வளர்க்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். முட்டையைக் கண்டதும் ஊரெல்லாம் படம் அனுப்புவார்கள். ஒரு வாரத்தில் தொட்டி காலியாகிவிடும். நோய் என்று நினைத்து நீல மருந்தை ஊற்றுவார்கள். என்னைக் கேட்டால், அதில் முக்கால்வாசி பட்டினிச் சாவு. கடையில் விற்கும் குச்சித் தீனியை எவ்வளவு பொடித்தாலும் ஃபைட்டர் குஞ்சின் வாய்க்கு அது பாறை. அசையாத எதையும் அது இரை என்று ஏற்காது என்பது இன்னொரு தொல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்க வேண்டும், உயிரோடும் இருக்க வேண்டும். அப்படி ஒரு தீனி எங்கே கிடைக்கும்?

அவருடைய சமையலறைக் கழிவில் கிடைக்கிறது. முட்டைக்கோஸின் வெளி இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பாட்டில் வாயைத் துணியால் கட்டி வெளிச்சமான மூலையில் வைத்திருந்தார். முதலிரண்டு நாள் தண்ணீர் பால்போல் கலங்கி நாறும். அது பாக்டீரியா பெருகும் கட்டம். அந்த நிலையில் குஞ்சுக்கு ஊற்றினால் தொட்டியே கெட்டுவிடும். அந்த பாக்டீரியாவைத் தின்று, குஞ்சுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் பெருகியதும் கலங்கல் தெளிந்து, இளமஞ்சளாகி, நாற்றமும் அடங்கும். பாட்டிலை முகர்ந்து பார்த்தார். "இன்னும் ஒரு நாள் ஆவணும்." மைக்ரோஸ்கோப் இல்லாத வீட்டில் மூக்குதான் ஆய்வுக்கூடம். ஆண் கூடு கட்டத் தொடங்கும் அன்றே இலையை ஊறப்போட்டுவிடுவாராம். முட்டை பொரிந்த பிறகு ஊறப்போட்டால் இலை தயாராவதற்குள் குஞ்சு போய்விடும்.

சில நாள் கழித்து ஆர்ட்டீமியா. உப்பேரிகளில் வாழும், இறால் போன்ற சிறு உயிர் அது. காய்ந்த முட்டைகள் டப்பாவில் வருகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரி இதற்குப் பேர்போனது. லிட்டருக்குச் சுமார் 30 கிராம் உப்புக் கரைத்து, காற்று விட்டு வைத்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தினால் ஓடுகள் மேலே மிதக்கும். பாட்டிலின் அடியில் டார்ச் காட்டினால், ஆரஞ்சு நிறப் புள்ளிகள் கூட்டமாக வெளிச்சத்துக்கு வரும். அவற்றை டியூபால் உறிஞ்சித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டு தெரிந்தது. வயிறு நிறம் மாறாத குஞ்சுகளைத் தனியாகப் பார்த்து வைத்துக்கொள்வார். டப்பாதான் செலவில் பெரிய செலவு. குளத்தில் கிடைக்கும் நீர்ப்பூச்சி காசில்லாத தீனி, ஆனால் கூடவே தட்டான் பூச்சியின் குஞ்சு வந்துவிட்டால் ஒரே ராத்திரியில் தொட்டியைத் துடைத்துவிடும்.

தொட்டி மேல் கண்ணாடி மூடி இறுக்கமாக இருந்தது. மூன்று நான்கு வாரத்தில் ஃபைட்டருக்குத் தலைக்குள் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு வளரும். அப்போதிலிருந்து மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். அந்தக் காற்று தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தால் குஞ்சு தாங்காது. கருங்கல் குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் ஊரில் மார்கழி விடியல் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதம் அவர் ஈடு போடுவதே இல்லை.

இந்த ஜோடி வந்தது சென்னை கொளத்தூரிலிருந்து, ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில், பஸ்ஸில். தமிழ்நாட்டில் வண்ண மீன் என்றால் கொளத்தூர். அங்கிருந்து செங்குன்றம், பொன்னேரிப் பக்கம்வரை வீடு வீடாகச் சிமென்ட் தொட்டிகளில் இதே தொழில் நடக்கிறது. ஏஞ்சல் மீன் அங்கே ஸ்லேட் துண்டில் முட்டை ஒட்டும். பெற்றவையே தின்றுவிடும் என்பதால் பலர் ஸ்லேட்டோடு வேறு தொட்டிக்கு மாற்றி, மெத்திலீன் நீலம் கலந்து காற்று விடுகிறார்கள். துடுப்பால் விசிறிப் பூஞ்சணத்தைத் தடுக்கும் தாய்தகப்பன் வேலையைக் காற்றுக்குமிழி செய்கிறது. பயிற்சி வேண்டுமென்றால் மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. இவர் கற்றது யூடியூபில், மீதி செத்த குஞ்சுகளிடம். தொட்டி கழுவும் கைகளைப் பற்றி யூடியூப் ஒன்றும் சொல்வதில்லை. இவர் விரல் இடுக்குகள் உப்பிலும் ஈரத்திலும் வெடித்திருந்தன.

தண்ணீர்தான் இங்கே தனித் தலைவலி. இவர் வீட்டு போர் தண்ணீர் கடினம். கப்பிக்கும் மோலிக்கும் அது ஒத்துக்கொள்ளும். நியான் டெட்ரா போன்றவற்றின் முட்டைக்கு மென்மையான தண்ணீர் வேண்டும். மழைநீரை டிரம்மில் பிடித்துக் கலந்து ஒப்பேற்றுகிறார். புதுத் தண்ணீரை ஊற்றுவதில்லை. டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக இறங்க விடுகிறார். அடியில் தங்கிய கழிவை இன்னொரு டியூபால் உறிஞ்சி வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில் விட்டு, தவறி வந்த குஞ்சுகளை ஸ்பூனால் எடுத்துத் திரும்ப விடுவது கண் நோகும் வேலை. நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே நாலைந்து பிழைத்தன.

ஒரே ஈட்டில் பிறந்தாலும் சில குஞ்சு முந்திக்கொள்ளும். முந்தியது பிந்தியதைத் தின்னும். அதனால் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் ஏறி ஆண்கள் முறைக்கத் தொடங்கியதும் ஆளுக்கொரு பாட்டில். சார்ப்பின் ஓரம் முழுக்கக் காலிக் கண்ணாடி பாட்டில்கள், நடுவில் அட்டை. அட்டையை எடுத்தால் இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதும். சண்டைக்கென்றே இந்த மீனைத் தலைமுறைகளாக வளர்த்த தாய்லாந்து, 2019-இல் இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

கடைக்காரர் எடுப்பது ஆண்களை மட்டும்தான். அதுவும் வாலும் நிறமும் பார்த்து. கடையில் விற்கும் விலையில் பாதிகூட இவர் கைக்கு வருவதில்லை. பெண் மீன்களுக்குக் கேட்பாரே இல்லை. நல்ல தாயாக நாலைந்தை நிறுத்திக்கொண்டு மற்றதைக் கேட்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அடுத்து கோல்டு ஃபிஷ் போடலாமா என்று யோசனை. அதில் ஆண் பெண் பேதமில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். ஆகாயத்தாமரை வேரில் முட்டை ஒட்டும், வேரோடு தூக்கி வேறு தொட்டியில் போட்டுவிடலாம், குஞ்சுக்கும் வாய் கொஞ்சம் பெரிசு.

"ஆனா அதுக்குத் தண்ணி நெறய வேணும்ணா. சிமென்ட் தொட்டி கட்டணும்னு இவருகிட்ட சொல்லிட்டேதான் இருக்கேன். மாடி தாங்குமான்னு கொத்தனாரைக் கேக்கணுமாம்."