அன்னையர்க்கு அரை மணி நேரம்

"நாள் முழுதும் உழைக்கிறோம், இதற்கு மேல் உடற்பயிற்சி எதற்கு?" என்று மும்பைத் தாராவியில் வாழும் நம் தாய்மார் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், அவ்வுழைப்பிற் பெரும்பகுதி தையற்பொறியின் முன் அமர்ந்தும், பாத்திரங்களின் முன் குனிந்தும் செய்வதன்றோ? முதுகு ஓய்கிறது, கால்கள் நடப்பதில்லை.

வாரத்திற்கு 150 நிமிடமேனும் சற்று விரைவாக நடத்தல் போன்ற இயக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. சிறிதளவு இயங்குவதும் இயங்காதிருப்பதினும் நன்று என்றும் கூறியது. இதற்குப் பணம் வேண்டுவதில்லை. நேரமும் துணையுமே வேண்டும்.

எங்கள் சந்துப் பெண்கள் ஐவர், 90 அடிச் சாலையில் வண்டிகள் பெருகுமுன் விடியலில் நடக்கத் தொடங்கினோம். தெருவார் பார்வைக்கு முதலில் நாணினோம். சேர்ந்து நடந்தமையால் அந்நாணம் அகன்றது. அகலாத தடை வேறு. குழாயில் நீர் வருவதும், குழந்தை விழிப்பதும் அந்நேரமே. கணவர் குடம் பிடித்த வீட்டுப் பெண்கள் நாள்தோறும் வந்தனர். பிடிக்காத வீட்டுப் பெண் மூன்றாம் நாளே நின்றுவிட்டாள். அவளுக்கு ஊக்கம் குறைவில்லை. அரை மணி நேரமே குறைவு.

ஆதலின், சங்கத்து ஆடவர்களே, தாய்மார்க்கு உடல்நலம் பற்றி அறிவுரை கூறுமுன் குடத்தைக் கையில் எடுங்கள்.