நகரிப் பாறையும் காரைக்கால் கூம்புச் சங்கும்

நகரி ஊருக்கு மேலே மூக்குப் போல நீண்டு நிற்கும் முகட்டைத் தாங்குவது, மணல் இறுகிக் கண்ணாடித்தன்மை பெற்ற குவார்ட்சைட் பாறையாகும். கடப்பா பாறைத்தொகுதியின் ஓர் அடுக்கான அதற்கு நிலவியலாளர் 'நகரி குவார்ட்சைட்' என்று இவ்வூரின் பெயரையே சூட்டியுள்ளனர். நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான அப்பாறை படிந்த காலத்தில் ஓடுடைய உயிர் எதுவும் உலகில் தோன்றியிருக்கவில்லை என்பதால், எவ்வளவு கூர்ந்து தேடினாலும் அங்கே ஒரு சிப்பித் துண்டும் கிடைக்கப்போவதில்லை. கிழக்கே சத்தியவேடு வட்டாரத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது: பாலாற்றுக்கு வடக்கேயுள்ள சென்னை, வட ஆற்காடு நிலப்பகுதியைப் பற்றி ராபர்ட் புரூஸ் ஃபூட் 1873இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகப் பேசும் படிவுகளை இங்கே காணலாம், இவற்றோடு சேர்த்து எண்ணப்படும் திருப்பெரும்புதூர்க் களிப்பாறையில் டைலோஃபில்லம் போன்ற செடிகளின் இலைத்தடங்களும், அருகே கடல் இருந்ததை உணர்த்தும் அம்மோனைட்டுகளும் கிடைத்துள்ளன. ஆயினும் அந்தப் பாறை கிரேத்தேசியக் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தது; கூம்பு வடிவ ஓடுடைய கடல் நத்தைகளான கூம்புச் சங்குகளின் குடும்பமோ அதற்கு வெகுகாலம் கழித்து, ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் தலைகாட்டியது. கூம்புச் சங்கு என்று சொல்லி எவரேனும் சத்தியவேட்டிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தால், கல்லைப் பார்க்கும் முன்பே அடுக்கின் வயதைக் கேட்டு மறுக்கத் தெரிந்திருப்பது புதைபடிவச் சங்குகளை இனங்காணும் தொழிலின் முதல் தேர்ச்சி.

உண்மையான கூம்புச் சங்குப் புதைபடிவங்களைத் தேடுபவர் நகரியிலிருந்து தெற்கே இறங்கிக் காரைக்காலுக்குத்தான் செல்ல வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அவ்வூரில் கிடைத்த பிளியோசீன் காலச் சிப்பிகளை மோரிஸ் கோஸ்மான் 1900, 1903, 1910 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளாக விவரித்தார். ரயில்வே பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே தொல் சிப்பியியலில் அக்காலத்தின் பேரறிஞராக விளங்கிய அவருடைய விளக்கங்கள் இன்றும் வழிகாட்டுகின்றன. மேற்குக் கரையில் அஷ்டமுடிக் காயலோரம் உள்ள படப்பக்கரையின் மயோசீன் சுண்ணாம்புப்பாறையும், 1840இலேயே சவர்பி விவரிக்கத் தொடங்கிய கட்ச் படிவுகளும் இக்குடும்பத்துக்குப் பெயர்பெற்ற மற்ற இந்தியக் களங்கள்.

களத்திலிருந்து வந்த சங்கு மேசைக்கு வரும்போது பெரும்பாலும் வாய் முழுக்க மண் அடைத்தே இருக்கும். கூம்புச் சங்கின் வாய் உருண்டையானதல்ல. தோளிலிருந்து அடிநுனி வரை ஒரே அகலமாக ஓடும் குறுகிய பிளவு. ஈரத் தூரிகையாலும் ஊசி முனையாலும் அந்தப் பிளவைச் சிறிது சிறிதாகத் துப்புரவு செய்பவர் அவசரப்பட்டால், இனத்தைச் சொல்லும் மெல்லிய வெளியுதடு நொறுங்கிவிடும். வாய் திறந்தபின் முதலில் பார்க்க வேண்டியது அச்சுத்தூண், அதாவது சுருள்கள் அனைத்தும் சுற்றிக்கொள்ளும் நடுத்தண்டு. தென்னிந்தியக் கிரேத்தேசியச் சங்குகளை 1867, 1868ஆம் ஆண்டுகளில் விவரித்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா நிறுவிய கோசாவியா என்னும் பேரினம் வெளித்தோற்றத்தில் கூம்புச் சங்கை அப்படியே ஒத்திருக்கும். ஆனால் அதன் அச்சுத்தூணில் வரிசையாக மடிப்புகள் உண்டு, ஆகவே அது வேறு குடும்பம். கூம்புச் சங்கில் அத்தகைய மடிப்பு வரிசை இல்லை. மேலும், வளர வளர இவ்வுயிர் தன் பழைய உட்சுவர்களைத் தானே கரைத்து மெலிதாக்கி உள்ளிடத்தைப் பெருக்கிக்கொள்வதால், சங்கை நெடுக்காக அறுத்தால் வெளிச்சுவர் தடித்தும் உட்சுவர்கள் தாள் போல் மெலிந்தும் காணப்படும். உடைந்த மாதிரியில்கூடக் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும் சான்று இது.

குடும்பம் உறுதியானபின் இனத்தைக் கண்டறிவதுதான் கடினமான பகுதி. இன்று உயிர்வாழும் கூம்புச் சங்கு இனங்கள் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றை அறிய உதவும் நிறமும், ஈட்டி போன்ற நச்சுப்பல்லும், மரபணுவும் புதைபடிவத்தில் பொதுவாக எஞ்சுவதில்லை. எஞ்சுவது வடிவம் மட்டுமே. சாயம் போன பழஞ்சேலையின் கரை இழையைத் தொட்டே அதன் ரகத்தைச் சொல்லிவிடும் நகரித் தறிக்காரரின் தேர்ச்சிக்கு நிகரானது இங்கே தேவைப்படும் பார்வை. அந்தப் பார்வைக்கு எண்கள் துணைநிற்கின்றன. ஆலன் கோன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வகுத்த முறைப்படி, வெர்னியர் அளவியால் சங்கின் மொத்த நீளம், வாயின் உயரம், பெரும விட்டம், அந்த விட்டம் அமையும் உயரம் ஆகியவை அளக்கப்படுகின்றன. 40 மி.மீ. நீளமும் 34 மி.மீ. வாய் உயரமும் 22 மி.மீ. விட்டமும் கொண்ட ஒரு சங்கில், விட்டத்தை வாய் உயரத்தால் வகுத்தால் 0.65 வருகிறது, வாய்க்கு மேல் எழும் முடியின் பங்கு மொத்த நீளத்தில் 0.15. இவ்வெண்கள் ஓர் இனத்துக்குள்ளேயே வயதுக்கும் வாழிடத்துக்கும் ஏற்ப ஓரளவு மாறும் என்பதால், ஒற்றைச் சங்கை வைத்துக்கொண்டு புதிய இனம் என்று அறிவிப்பது துணிச்சலன்று, பொறுப்பின்மை.

எண்களைவிட நம்பத்தக்கவை முடிப்பகுதியின் நுண்ணிய அமைப்புகள். சுருளும் சுருளும் சேரும் கோட்டுக்குக் கீழேயுள்ள சரிவில் எத்தனை இழைக்கோடுகள் ஓடுகின்றன, வளர்ச்சிக்கோடு அங்கே எவ்வளவு ஆழமாக வளைகிறது, தோளில் முடிச்சுகள் உண்டா, உண்டென்றால் முதற்சில சுருள்களோடு நின்றுவிடுகின்றனவா என்பவற்றைக் கைவில்லையில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். உச்சியில் கடுகளவே உள்ள கருச்சிப்பி, அதாவது முட்டையிலிருந்து வந்த இளவுயிரின் ஓடு, உடையாமல் கிடைப்பது பெரும்பேறு: அதில் சுற்றுகள் பலவாயின் அந்த இளவுயிர் கடல்நீரில் நெடுநாள் மிதந்து பரவியிருக்கும், ஒன்றிரண்டே ஆயின் பிறந்த இடத்தருகே தங்கியிருக்கும் என்று கொள்ளலாம். இவ்விவரங்கள் படத்தில் துலங்குவதற்காகச் சங்கின் மேல் அம்மோனியம் குளோரைடு புகையை வெண்பூச்சாகப் படியச்செய்து ஒளிப்படம் எடுப்பது பழைய வழக்கம்.

நிறம் எஞ்சுவதில்லை என்பதற்கு வியப்பூட்டும் விலக்கும் உண்டு. வெண்மையாகத் தோன்றும் சில புதைபடிவச் சங்குகளைச் சலவை வெளுப்பானில் ஊறவைத்துப் புற ஊதா விளக்கின் கீழ் காட்டினால், முன்பு நிறமிருந்த புள்ளிகளும் பட்டைகளும் ஒளிர்கின்றன. ஜோனதன் ஹென்ட்ரிக்ஸ் டொமினிகன் குடியரசில் கிடைத்த, 48 முதல் 66 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள சங்குகளை இவ்வாறு ஆராய்ந்து, 2015இல் 28 இனங்களின் நிறக்கோலங்களை வெளியிட்டார். அவற்றுள் 13 அறிவியலுக்குப் புதியவை. எளிய கருவியே போதுமான இந்த முறையைக் காரைக்கால், படப்பக்கரைச் சங்குகளில் பரவலாகச் செய்து பார்க்க வேண்டும். வடிவத்தால் மட்டும் ஒரே பெயரில் அடங்கியவை அங்கே பிரிந்து நிற்கக்கூடும்.

எல்லா ஒப்பீடுகளுக்குப் பிறகும் தெரிந்த இனம் எதிலும் அடங்காத சங்குக்கே புதுப்பெயர் வைக்கப்படுகிறது. அப்பெயர் எக்காலத்துக்கும் கட்டுப்பட்டிருக்கும் ஒரே ஒரு சங்கு மூலமாதிரி எனப்படும். நெருங்கிய இனங்களிலிருந்து அது வேறுபடும் கூறுகள், கிடைத்த இடம், அடுக்கு, வயது, அளவுகள், படங்கள் ஆகியவற்றோடு விளக்கம் வெளியாக வேண்டும். கிடைத்த அடுக்கைக் குறிக்காத சங்கு எவ்வளவு அழகாயினும் மூலமாதிரியாகும் தகுதியற்றது. அடுத்த ஆய்வாளர் கையில் எடுத்து மீண்டும் அளந்து, வேண்டுமானால் மறுக்கும்படி, அந்த மாதிரி பதிவெண்ணோடு பொது அருங்காட்சியகம் ஒன்றில் வைக்கப்பட வேண்டும்.