தோற்றவருக்கு இன்னோர் ஆட்டம்

கல்முனைச் சண்டாங்கேணி மைதானத்தில் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி நடைபெறும் நாளொன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். காலை ஏழரை மணிக்கே பதினாறு கழகங்களின் வீரர்கள் வந்து கூடிவிடுகின்றனர். முதுகிலே பெயரும் இலக்கமும் பொறித்த புதிய மேற்சட்டைகள். முச்சக்கர வண்டிகளில் ஏற்றி வந்த தண்ணீர்ப் போத்தல்கள். ஒலிபெருக்கியின் முன்னே தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் அறிவிப்பாளர். ளுஹர் தொழுகை முடிந்து மக்கள் பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வேளைக்குள் இப்பதினாறில் எட்டுக் கழகங்களின் கதை முடிந்துவிடும். வீரராக வந்தவர்களிற் பாதிப்பேர் பார்வையாளராகிவிடுவர். பதிவு மேசையில் இருப்பவர் தம் சிவப்புப் பென்சிலால் அவர்களுடைய கழகப் பெயர்களின் மேல் ஒவ்வொரு கோடாக இழுத்துவிடுவார்.

விலகல் முறை என்று ஏட்டிலும், நொக்கவுட் என்று வாயிலும் வழங்கும் இம்முறையே மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள கரையோர ஊர்களில் பெரிதும் கையாளப்படுவது. இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கழகங்கள் பல, மைதானம் ஒன்று, பொழுது மஃரிபுடன் முடிந்துவிடுகிறது. ஐந்து ஓவர் ஆட்டம் ஒன்றுக்கு நாற்பது நிமிடம் எனக் கொண்டால், பதினாறு கழகங்களுக்கு விலகல் முறையிலே 15 ஆட்டங்கள், பத்து மணித்தியாலங்கள். ஒரே நாளில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பலாம். அதே பதினாறும் ஒவ்வொன்றும் ஏனைய ஒவ்வொன்றோடும் மோதும் சுழல்முறையிலே, அதாவது முழு லீக் முறையிலே, 120 ஆட்டங்கள், எண்பது மணித்தியாலங்கள். இக்கணக்கைக் கண்டதும் எந்த அமைப்புக்குழுவும் ஏட்டை மூடிவைத்துவிடும்.

ஆயினும் சாய்ந்தமருதுக் கடற்கரையில், ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்து ஒரு சுற்றுப்போட்டி நடத்த எண்ணியிருந்த கழகமொன்றின் உறுப்பினர்கள், அஸர் தொழுகைக்குப் பின் கூடிய ஒரு மாலையில் அந்த ஏட்டை மூட மறுத்தனர். மறுத்தவர் கழகச் செயலாளர். துணிக்கடை ஒன்றிலே கணக்கு எழுதும் இளைஞர். அவருடைய மனக்குறை மிகவும் எளியது. முந்திய மாதம் வேறோர் ஊரில் நடந்த போட்டிக்குக் கழகம் சென்றிருந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் முதன்முறையாக அணியில் இடம்பெற்றிருந்தான். அவனுக்குத் துடுப்பெடுத்தாடும் முறை வரவில்லை. பந்துவீசவும் வாய்ப்புக் கிட்டவில்லை. எல்லைக்கோட்டில் நாற்பது நிமிடம் நின்றுவிட்டு அவன் வீடு வந்து சேர்ந்தான்.

"ஒரு பந்தும் அடிக்காம, ஒரு பந்தும் போடாம எங்கட பொடியன் திரும்பி வந்தான், சேர். இதுக்கா அவன் வாப்பாக்கிட்டக் காசு கேட்டு வந்தவன்?"

'சேர்' என விளிக்கப்பட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். கழகத்தின் ஓட்டப் பதிவாளர். மேற்சொன்ன சிவப்புப் பென்சிலுக்கு உரியவரும் அவரே. அவ்வூரில் டெனிஸ் ஆட்டத்தின் மேல் தீராக் காதல் கொண்ட மிகச் சிலரில் ஒருவர். இக்கரையிலே டெனிஸ் எய்திய நிலை வேடிக்கையானது. ஆடுகளத்தைக் காண்பது அரிது. மட்டையைக் காண்பது அதனிலும் அரிது. பந்து மட்டும் எல்லாச் சிறுவர் கையிலும் இருக்கிறது. மென்பந்துக் கிரிக்கெட்டுக்கு உதவுவது அப்பந்துதானே! ஆசிரியரோ ஆண்டுதோறும் விம்பிள்டன் நடக்கும் இரு வாரமும் மாலை வேளைகளில் தொலைக்காட்சி முன்னிருந்து எழமாட்டார்.

அவர் விலகல் முறையின் பக்கமே நின்றார். விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரில் 128 பேர் களமிறங்குகின்றனர், 127 ஆட்டங்கள், 127 தோல்விகள். தோற்றவர் போய்விடுவார், ஏழு முறை வென்றவர் கிண்ணத்தை ஏந்துவார். எந்த ஆட்டத்திலும் மூன்றாமவர் ஒருவருடைய விதி தொங்கிக்கொண்டிருப்பதில்லை. களத்தில் நிற்கும் இருவரும் வெல்லவேண்டியவர்கள். அதற்கு மேல் ஆராய எதுவுமில்லை. சுழல்முறை வந்தவுடன் கணக்குப்பிள்ளையும் கூடவே வந்துவிடுகிறார் என்பது ஆசிரியரின் வாதம்.

இவ்வாதத்துக்குச் சான்று இல்லாமற் போகவில்லை. 1982 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் அல்ஜீரியா மேற்கு ஜேர்மனியை 2–1 என வென்றது. பின்னர் சிலியையும் வென்றது. அதன் ஆட்டங்கள் யாவும் முடிந்த மறுநாள், ஜூன் 25ஆந் திகதி, ஸ்பெயினின் ஹிகோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் மோதின. ஜேர்மனி ஒன்றிரண்டு கோல்களால் மட்டும் வென்றால் இரு அணிகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லும், அல்ஜீரியா வெளியேறும். பத்தாவது நிமிடத்தில் ஜேர்மனி ஒரு கோல் போட்டது. எஞ்சிய எண்பது நிமிடமும் இரு அணிகளும் பந்தை இங்குமங்கும் தட்டிக்கொண்டிருந்தன. விதி எதுவும் மீறப்படவில்லை, முடிவும் மாற்றப்படவில்லை. குழுவின் கடைசி ஆட்டங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் 1986 தொடக்கம் வந்ததற்கு இந்த ஆட்டமே காரணம்.

டெனிஸிலும் இத்தகைய சோதனை ஒன்று நடந்தது. 2007இல் சில போட்டிகளில் மும்மூன்று பேர் கொண்ட குழுக்களாகச் சுழல்முறை புகுத்தப்பட்டது. லாஸ் வேகாஸில் டெல் போட்ரோ சுகவீனமுற்று ஆட்டத்தின் இடையிலே விலகிக்கொள்ள, குழுவிலிருந்து முன்னேறுபவர் ஜேம்ஸ் பிளேக்கா, கொரொலேவா என்ற குழப்பம் எழுந்தது. இரவில் பிளேக் என்றார்கள். விடிந்ததும் கொரொலேவ் என்றார்கள். அந்தச் சோதனை அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. இதைச் சொல்லும்போது ஆசிரியரின் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைக் கண்டோர், பிளேக் அவருக்கு ஏதோ கடன் பட்டவர் என்றே எண்ணக்கூடும்.

ஆனால் செயலாளர் தம் கையிலும் ஓர் ஆயுதத்தை வைத்திருந்தார். அது இக்கரையோரத்தின் திண்ணைகளில் இன்றும் பேசப்படுவது. 1992 உலகக் கிண்ணக் கிரிக்கெட்டில் ஒன்பது அணிகளும் ஒன்றோடொன்று ஆடின. பாகிஸ்தான் முதல் ஆட்டத்திலேயே மேற்கிந்தியத் தீவுகளிடம் 10 விக்கெட்டுகளால் தோற்றது. அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிராக 74 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மழை வந்து ஒரு புள்ளியைப் பெற்றுக் கொடுத்தது. ஐந்து ஆட்டங்களின் முடிவில் வெற்றி ஒன்றே ஒன்று. அந்த அணிதான் மார்ச் 25ஆந் திகதி மெல்பேர்னில் அதே இங்கிலாந்தை 22 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தை எடுத்தது. விலகல் முறையாயின் இம்ரான் கான் முதல் நாளே விமானமேறியிருப்பார். ஆசிரியரின் டெனிஸிலும் இதற்கு ஒப்பு உண்டு. ஆண்டிறுதியில் எட்டுப் பேர் மட்டும் ஆடும் போட்டி 1970இல் டோக்கியோவில் சுழல்முறையிலேயே தொடங்கியது. இன்று அதில் நால்வர் கொண்ட இரு குழுக்கள். 2005இல் ஷங்காயில் நல்பாண்டியன் குழு ஆட்டத்தில் ரொஜர் பெடரரிடம் தோற்றார். இறுதியாட்டத்தில் முதல் இரு செற்றுகளையும் இழந்த பின்னர் அதே பெடரரை வென்றார்.

இருவரும் கூறாது விட்ட ஒன்று இங்கே உண்டு. டெனிஸின் விலகல் முறையைக் கொடியது என்று எவரும் நெடிது முறையிடுவதில்லை. ஏனெனில் அங்கே தோற்பதற்கே நேரம் கொடுக்கப்படுகிறது. விம்பிள்டனில் ஓர் ஆடவரை வீழ்த்த மூன்று செற்றுகளை வெல்லவேண்டும். முதல் செற்றைக் கோட்டைவிட்டவர் மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டு வரலாம். 1927 தொடக்கம் அங்கே திறமை நோக்கித் தரவரிசை இடப்படுவதால், வல்லவர் இருவர் முதற் சுற்றிலே மோதி ஒருவர் மறைந்துபோகும் விபத்தும் இல்லை. தோற்றவருக்கு அடுத்த வாரம் வேறொரு நகரில் வேறொரு போட்டி காத்திருக்கும். இக்கரையிலோ ஓர் அணிக்கு 30 பந்துகள். திருவுளச்சீட்டில் வந்த எதிராளி யாராயினும் அவரோடு மோதவேண்டும். அடுத்த போட்டி எப்போது என்பது மாரியையும் நோன்பையும் வேளாண்மையையும் பொறுத்தது. பெயர் ஒன்றே, ஆயினும் விம்பிள்டனின் விலகல் வேறு, சண்டாங்கேணியின் விலகல் வேறு.

(போட்டியை நடத்தும் கழகம் முதற் சுற்றிலே தனக்குத் தானே 'பை' கொடுத்துக்கொள்கிறது என்ற முணுமுணுப்பு எங்கும் கேட்பது. இதை விம்பிள்டனும் அறியும். 1921 வரை அங்கே நடப்புச் சம்பியன் ஏனையோர் அடித்துக்கொண்டு முடியும்வரை காத்திருந்து கடைசி ஆட்டத்துக்கு மட்டும் வந்து நின்றார். ஆதலால் நம்மவர் பெரிதும் வெட்கப்பட வேண்டியதில்லை.)

வாதம் இவ்வாறு சென்றுகொண்டிருக்க, அதுவரை மணலில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்த அணித்தலைவர் வாய் திறந்தார். அவர் பலநாட் படகில் தொழிலுக்குச் செல்பவர். கடலில் எத்தனை நாள் என்பது மீனின் விருப்பம்.

"அஞ்சு கிழமைக்கு லீக் வெச்சா, அதில எத்தினை கிழமைக்கு நாங்க கரையில நிப்பம்? கந்தோரில வேலை செய்யிற ஆக்கள்தான் கப் எடுப்பாங்க. ஒரு நாளைக்கு எண்டா, எப்படியும் வந்து நிப்பம்."

எவரும் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்த வாதம் இது. நீண்ட லீக் முறை சிறந்த அணியைக் கண்டறியும் என்பது உண்மையே. ஆனால் ஐந்து வாரமும் பதினொருவரையும் கரையில் வைத்திருக்க வல்ல அணியையே அது முதலிற் கண்டறியும். மாதச் சம்பளக்காரருக்குச் சனி, ஞாயிறு உண்டு. கடற்றொழிலாளருக்கு அத்தகைய உறுதி இல்லை. வெள்ளிக்கிழமையைக் கரையில் கழிப்போர் பலர் என்றாலும் பலநாட் படகுக்கு அதுவும் இல்லை. நாட்கூலிக்குத் தறியில் இருப்பவர் போட்டி நாளொன்றுக்குத் தம் கூலியையே கட்டணமாகக் கொடுக்கிறார். மேலும், வராத அணியால் விலகல் முறையில் இழப்பு அந்த அணிக்கு மட்டுமே. லீக்கிலோ அது எல்லாருடைய புள்ளிகளையும் குழப்பிவிடுகிறது. 1996இல் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தபோது இலங்கைக்குப் புள்ளிகள் ஆடாமலே கிடைத்தன. மார்ச் 17ஆந் திகதி லாகூரில் அதே அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்றதனால் அந்தப் பேச்சு அடங்கிற்று, வெல்லாவிட்டால் அடங்கியிராது.

ஆகவே இக்கரையிலே நீதி எது என்ற கேள்வி, யாருக்கு எவ்வளவு பொழுது உண்டு என்ற கேள்வியிலிருந்து பிரிக்க முடியாதது. பையனுக்கு இன்னோர் ஆட்டம் வேண்டும். தலைவருக்கு இன்னோர் வாரம் இல்லை. இவ்விரண்டும் ஒரே கழகத்தின் தேவைகள்.

செயலாளர் கடதாசித் துண்டொன்றிலே வழியொன்று வரைந்தார். முதற் சுற்றில் தோற்கும் எட்டுக் கழகங்களும் தமக்குள்ளே தனியாக ஆடட்டும். அதற்கு ஏழு ஆட்டங்கள் கூடும். பதினைந்தும் ஏழும் இருபத்திரண்டு. அடுத்தடுத்த இரண்டு நாட்கள் போதும். எந்தக் கழகமும் ஓர் ஆட்டத்தோடு திரும்பாது. அவர்களுக்கும் ஒரு சிறு கிண்ணம் கொடுக்கலாம்.

ஆசிரியர் சிரித்தார். "தோத்தவனுக்குக் கப் குடுத்தா, அத யாரு தம்பி வீட்ட கொண்டு போற?"

அச்சிரிப்பில் நியாயம் உண்டு. ஊர்ப்பெயரைச் சுமந்து வருபவர்களுக்கு ஆறுதற் பரிசு அவமானமாகவும் படலாம். ஆனால் வேறொன்றையும் அவர் அறிவார். அதை அன்று அவரே கூறினார் என்பது அவரின் நேர்மைக்குச் சான்று. 2023இல் டூரின் நகரில் ஆண்டிறுதிப் போட்டி நடந்தபோது யானிக் சின்னர் குழு ஆட்டத்தில் ஜோகோவிச்சை வென்று முன்னேறிவிட்டார். எஞ்சியது ரூனேயுடனான ஆட்டம். அதில் சின்னர் தோற்றால் ஜோகோவிச் வெளியேறுவார். வென்றால் ஜோகோவிச் பிழைப்பார். தம் ஊர்மக்கள் முன்னிலையில், தாம் முன்னேறுவதற்குத் தேவைப்படாத அந்த ஆட்டத்தைச் சின்னர் மூன்று செற்றுகள் போராடி வென்றார். மூன்று நாட்களின் பின் இறுதியாட்டத்தில் ஜோகோவிச் அவரை 6–3, 6–3 எனத் தோற்கடித்தார். சுழல்முறையின் மேல் ஆசிரியர் கொண்ட வெறுப்பு அத்துணையையும் இந்த ஓர் ஆட்டம் சற்று அசைத்திருந்தது. ஹிகோனில் இருந்த அதே ஓட்டைதான் டூரினிலும் இருந்தது. அதன் வழியே நுழைய ஒருவர் விரும்பவில்லை.

போட்டி செயலாளரின் கடதாசிப்படியே நடந்தது. சிறு கிண்ணம் கைவிடப்பட்டது. தோற்றோர் பிரிவின் வெற்றியாளருக்குப் பந்துப் பெட்டி ஒன்று என முடிவாயிற்று. பந்துப் பெட்டியைக் கொண்டுபோக எவரும் வெட்கப்படுவதில்லை.

அக்கழகமே முதல் நாட் காலையில் தோற்றது. தலைவர் படகுக்குச் செல்லவேண்டியது மறுநாளிரவு. பின்னேரம், வெயில் சாய்ந்த பொழுதிலே, தோற்ற அணிகளில் இரண்டு மீண்டும் களமிறங்கின. பார்த்திருந்தோர் மிகச் சிலர். அறிவிப்பாளர் தேநீர் அருந்தப் போயிருந்தார். இரண்டாவது ஓவரைத் தலைவர் பையனிடம் கொடுத்தார். முதற் பந்து அகலப்பந்து. இரண்டாவதும் அகலப்பந்து. மூன்றாவது பந்தை எதிரணி வீரர் கடற்பக்கமாக ஆறுக்கு அடித்தார். தலைவர் ஒன்றும் கூறாமல் பந்தைத் துடைத்து மீண்டும் அவன் கையிலேயே கொடுத்தார்.

பதிவு மேசையில் ஆசிரியர் காலையிலே சிவப்புக் கோடு இழுத்திருந்த பக்கத்தைப் பார்த்தார், அழிக்க முடியாது. புதிய பக்கத்தைப் புரட்டி, இரு கழகங்களின் பெயர்களையும் மறுபடி எழுதி, இரண்டு அகலப்பந்துகளையும் ஓர் ஆறையும் பையனின் பெயருக்கு நேரே பதிந்தார்.