ஓபன் முதல் அல்லபூல் வரை

ஓபன் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருக்கும் வண்டிகளை வரிசை வரிசையாக நிறுத்தி வைக்கிறார்கள். அந்த வரிசைகளுக்கு நடுவே ஒரு நடை நடந்து வந்தாலே தீவுகளில் எப்படிப் பிழைப்பு நடக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். கூட்டுறவுக் கடைக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரி நிற்கிறது. பின்னால் ஆடுகளை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் காலி டிரெய்லர். அப்புறம் தபால் வேன், கூரையில் புது ஜன்னல் சட்டங்களைக் கட்டியிருக்கும் கார், கிளாஸ்கோ மருத்துவமனைக்குப் போய்விட்டு வரும் வயதான தம்பதி. கடைசி இரண்டு வரிசைகளை முழுக்க விடுமுறைக்காரர்களின் கேம்பர்வேன்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் ஓடும் பெரும்பாலான ஃபெரிகள் கால்மாக்குடையவை. இரண்டு பழைய நிறுவனங்கள் 1973-இல் இணைந்து உருவான கலிடோனியன் மெக்பிரெய்ன் என்ற அரசு நிறுவனத்தின் சுருக்கப் பெயர் அது. கறுப்பு உடல், வெள்ளை மேல்தளம், சிவப்புப் புகைபோக்கியில் மஞ்சள் வட்டத்துக்குள் ஒரு சிங்கம். தொலைவிலேயே அடையாளம் தெரியும். கப்பலின் முன்முகம் மேலே திறந்துகொள்ள, கரையிலிருந்து ஓர் இரும்புப் பாலம் தாழ்ந்து அதனோடு சேர்கிறது. கடல் ஏறும்போதும் வற்றும்போதும் பாலமும் கூடவே ஏறி இறங்கும். உள்ளே மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் வாய் திறக்காமல் இரண்டு உள்ளங்கைகளை வைத்துக்கொண்டே வண்டிகளை அடுக்குகிறார். விரலை மடக்கினால் முன்னே வரவேண்டும். முட்டியைக் காட்டினால் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். பக்கத்துக் காரின் கண்ணாடிக்கும் நம் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண்கூட இருப்பதில்லை.

நான் போன வழி இது: ஓபனிலிருந்து கப்பலில் பாரா தீவு. அங்கிருந்து வெளி ஹெப்ரிடீஸ் தீவுத்தொடரின் வழியே வடக்கு நோக்கி, கடற்பாலங்களிலும் இரண்டு சின்ன ஃபெரிகளிலுமாக ஸ்டார்னவே வரை. கடைசியாக இன்னொரு பெரிய கப்பலில் மறுபடியும் பெருநிலத்துக்கு, அல்லபூலுக்கு. தொடரின் நீளம் சுமார் 200 கிலோமீட்டர். குடியிருப்பவர்கள் சுமார் 26,000 பேர். பயணம் முழுக்க ஒரே எண்ணம்தான் எனக்குள் வலுத்துக்கொண்டு வந்தது. இந்தக் கப்பல்களை நாம் சுற்றுலாவாகப் பார்க்கிறோம். அங்கே வாழ்கிறவர்களுக்கு இவை சாலை. அரசும் அதை ஏட்டிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே தூரத்தைச் சாலையில் கடக்க என்ன செலவாகுமோ அதை ஒட்டியே ஃபெரிக் கட்டணம் வைக்கப்பட வேண்டும் என்ற முறை 2008-இல் வெள்ளோட்டமாகத் தொடங்கி, 2015-க்குள் மேற்குக் கடலின் எல்லா வழித்தடங்களுக்கும் வந்துவிட்டது.

ஓபனை விட்டதும் லிஸ்மோர் கலங்கரை விளக்கம், எதிரே மல் தீவின் முனையில் மெக்லீன் குலத்தாரின் டுவார்ட் கோட்டை. பிறகு மல் நீரிணை. இருபுறமும் மலைகள் காற்றை மறைத்துக்கொள்வதால் கப்பல் ஆடாமல் வழுக்கிப் போகிறது. ஒலிபெருக்கியில் பாதுகாப்பு அறிவிப்பு கேலிக் மொழியிலும் வருகிறது. உணவகத்தில் பாலாடைக்கட்டி ஊற்றிய மக்ரோனிக்கு வரிசை நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் முதல் ஒரு மணி நேரத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். காரணம், ஆர்ட்னமர்க்கன் முனையைத் தாண்டியதும் விளங்கிவிடும். அங்கிருந்து திறந்த கடல். மேல்காற்று அடிக்கும் நாளில் மேசைமேல் இருக்கும் தட்டு தானாக நகரும்.

ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஓட்டத்துக்குப் பிறகு காசில்பே. விரிகுடாவின் நடுவே, தண்ணீரிலிருந்தே முளைத்ததுபோல் கிஸிமுல் கோட்டை. மெக்நீல் குலத்தலைவர் அதை 2000-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் தொல்லியல் பாதுகாப்பு அமைப்புக்கு ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். குத்தகைப் பணம் ஆண்டுக்கு ஒரு பவுண்டும் ஒரு புட்டி விஸ்கியும். தீவின் வடபுறம் விமான நிலையம். கடல் வற்றியதும் வெளிப்படும் சிப்பி மணல்தான் ஓடுபாதை. விமான நேர அட்டவணையைக் கடலின் ஏற்றவற்றம் தீர்மானிக்கிறது.

தெற்கே ஒட்டியிருக்கும் வாட்டர்சே தீவுக்கு 1991 வரை பாலம் கிடையாது. சந்தைக்கும் மேய்ச்சலுக்கும் மாடுகளை நீந்தவிட்டே அக்கரை சேர்த்தார்கள். 1986-இல் ஒரு நல்ல சாதிக் காளை அப்படி நீந்தும்போது மூழ்கிச் செத்தது. பாலம் வேண்டும் என்ற பழைய கோரிக்கைக்கு அந்தச் சாவு வலு சேர்த்தது. இன்னும் தெற்கே இருக்கும் மிங்குலே தீவுக்கு அந்த வாய்ப்பும் வாய்க்கவில்லை. படகு ஒழுங்காக அணைய இடமில்லாத அந்தத் தீவை 1912-இல் கடைசிக் குடும்பங்களும் விட்டு வெளியேறின. வழி இருந்த ஊர் நின்றது, வழி இல்லாத ஊர் காலியானது. இந்தத் தொடரின் வரலாற்றில் பெரும்பகுதி இப்படித்தான்.

பாராவிலிருந்து எரிஸ்கேவுக்குச் சின்ன ஃபெரியில் நாற்பது நிமிடம். எரிஸ்கே அளவில் சிறியது, கதைகளில் பெரியது. 1745 ஜூலையில் பிரிட்டிஷ் அரியணையைப் பிடிக்கப் பிரான்ஸிலிருந்து வந்த இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்து மண்ணில் முதலில் கால் வைத்தது இங்கேதான். 1941 பிப்ரவரியில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் விஸ்கியை ஏற்றிக்கொண்டு அமெரிக்கக் கரை நோக்கிப் போன பொலிட்டீஷியன் என்ற கப்பல் அருகிலிருந்த பாறையில் ஏறி நின்றுவிட்டது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் இருந்த தீவுக்காரர்கள் இரவோடு இரவாகப் புட்டிகளைக் கரை சேர்த்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். காம்ப்டன் மெக்கன்சி அதை நாவலாக்கினார். 1949-இல் வெளியான படம் பாராவிலேயே எடுக்கப்பட்டது.

எரிஸ்கேவிலிருந்து தெற்கு யூயிஸ்ட்டுக்கு 2001 முதல் கடற்பாலம் இருக்கிறது. அங்கிருந்து பென்பெக்யுலா, வடக்கு யூயிஸ்ட், பெர்னரே என்று ஒரே சாலை. பெரும்பாலும் ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். எதிரில் வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும். வழிவிட்டவருக்குக் கை உயர்த்தாமல் போகிறவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம்.

சாலையின் வலப்புறம் கறுத்த கரிமண் சதுப்பு, ஏரிகள், மலை. இடப்புறம் மாக்கர் என்கிற கடலோரப் புல்வெளி. உடைந்து பொடியான சிப்பி ஓடுகளை அட்லாண்டிக் காற்று வாரி வந்து உள்நாட்டில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுண்ணாம்பு கரிமண்ணின் புளிப்பை முறித்து நிலத்தை விளைய வைக்கிறது. குறுநிலக் குடியானவர்கள் அதன்மேல் கடற்பாசியை எருவாகப் பரப்பி, ஓட்ஸும் கம்புபோல ஒல்லியான ரை தானியமும் விதைக்கிறார்கள். ஒரு பட்டையை உழுதால் பக்கத்துப் பட்டையைத் தரிசாகப் போடுகிறார்கள். ஜூன், ஜூலையில் அந்தத் தரிசு முழுக்க மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கார்ன்கிரேக் பறவை அதற்குள் ஒளிந்துகொண்டு, சீப்பின் பல்லை நகத்தால் இழுத்தாற்போல் கரகரவென்று இரவெல்லாம் கத்துகிறது. குரல் எல்லா இடத்திலும் கேட்கிறது. பறவையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை.

கடற்பாலங்கள் வருவதற்கு முன் இந்தத் தீவுகளுக்கு இடையே கடல் வற்றும் நேரம் பார்த்து மணலில் நடந்தோ குதிரை வண்டியிலோ கடந்தார்கள். தெற்கு யூயிஸ்ட்டுக்கும் பென்பெக்யுலாவுக்கும் நடுவே உள்ள தெற்குத் துறையில் இரண்டாம் உலகப்போரின்போது பாலம் வந்தது; பென்பெக்யுலாவுக்கும் வடக்கு யூயிஸ்ட்டுக்கும் நடுவே உள்ள வடக்குத் துறையில் 1960-இல் வந்தது. பாலம் இருந்தாலும் கடல் கடல்தான். 2005 ஜனவரிப் புயலில், வீட்டை விட்டுத் தப்பித்துப் போன ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரைத் தெற்குத் துறை அருகே அலை கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தைக் கடக்கும்போது மனம் கனக்காமல் இருப்பதில்லை.

தெற்கு யூயிஸ்ட்டின் துறைமுகம் லாக்பாய்ஸ்டேல். 1923 ஏப்ரலில் மார்லாக் என்ற கப்பல் இங்கிருந்து சுமார் முந்நூறு பேரைக் கனடாவுக்கு ஏற்றிப் போனது. நூறு ஆண்டு கழித்து, 2023 ஜூனில், வேறு இடங்களில் கப்பல் பற்றாக்குறை என்று இந்தத் துறையின் ஃபெரியை ஏறத்தாழ மாதம் முழுவதற்கும் நிறுத்தினார்கள். அப்போது தீவுக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கார், லாரி, டிராக்டரோடு வந்து, கப்பல் வராத துறையில் கப்பலுக்கு நிற்பதுபோலவே வரிசை கட்டி நின்றார்கள். அதைவிடத் தெளிவான மனுவை யாரும் எழுதிவிட முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது.

பெர்னரேவிலிருந்து ஹாரிஸுக்குப் போகும் ஃபெரியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த வழியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. நேர்க்கோட்டில் பார்த்தால் அக்கரை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஃபெரிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஹாரிஸ் நீரிணை முழுக்கத் தீவுத் திட்டுகள், நீருக்கடியில் பாறைகள், இடம் மாறும் மணல்மேடுகள். சிவப்பும் பச்சையுமான கம்ப அடையாளங்களுக்கு நடுவே கப்பல் நேரே போய், சட்டென்று பக்கவாட்டில் திரும்பி, சில நேரம் வந்த திசைக்கே போவதுபோல் வளைந்து மறுபடி நிமிர்கிறது. தளத்தில் நின்று குனிந்து பார்த்தால் பாசி படர்ந்த பாறை கண்ணுக்குத் தெரிகிறது. சற்றுத் தள்ளிப் பாறைமேல் கிடக்கும் சீல்கள் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. இருட்டில் இந்த வழி ஓடாது. ஆகவே குளிர்காலத்தில் பகல் சுருங்கச் சுருங்க அட்டவணையும் சுருங்குகிறது. இந்தப் பக்கத்து நீரோட்டங்களின் விசித்திரம் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் 1665-இல் தொடங்கியபோது, அதன் முதல் தொகுதியிலேயே சர் ராபர்ட் மோரே இந்த மேற்குத் தீவுகளின் ஏற்றவற்றத்தைப் பற்றி எழுதினார்.

இறங்கும் ஊர் லீவர்பரோ. சன்லைட், லைஃப்பாய் சோப்புகளின் முதலாளி லீவர்ஹுல்ம் பிரபுவின் பெயர் அது. 1918-இல் லூயிஸையும் அடுத்த ஆண்டு ஹாரிஸையும் விலைக்கு வாங்கி, ஆப் என்ற சிற்றூரைப் பெரிய மீன்பிடித் துறைமுகமாக்கத் தொடங்கினார். போரிலிருந்து திரும்பியவர்கள் கேட்டதோ சொந்தமாக உழத் துண்டு நிலம். 1925-இல் அவர் இறந்தார், வேலைகள் நின்றன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஹாரிஸின் மேற்குக் கரையில் லஸ்கன்டயர் மணல்வெளி. கிழக்குக் கரையில் மண்ணே இல்லாத மொட்டைப் பாறை. சில வீடுகளின் பக்கத்துக் கொட்டகையிலிருந்து டக் டக்கென்று தறிச் சத்தம் வருகிறது. நெசவாளர் உட்கார்ந்து மிதிவண்டி மிதிப்பதுபோல் மிதிக்கிறார், தறி ஓடுகிறது. தீவுக்காரர் தம் வீட்டில் கையால் நெய்த கம்பளித் துணிக்குத்தான் ஹாரிஸ் ட்வீட் என்ற பெயர் உண்டு என்று 1993-இல் நாடாளுமன்றமே சட்டம் செய்திருக்கிறது. நெய்த துணி ஆலைக்குப் போய்ச் சலவையாகி வந்ததும் ஏறுவது ஃபெரியில்தான்.

ஸ்டார்னவேயில் தமிழ் வாசகர் ஒருவர் நின்று பார்க்க ஒரு காரணம் உண்டு. சென்னையின் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கும் மெக்கன்சி சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி இந்த ஊர்க்காரர். 1783-இல் மதராஸ் படைக்கு வந்து, பிறகு இந்தியாவின் முதல் தலைமை நில அளவையரானவர். ஊர் ஊராக உள்ளூர் அறிஞர்களை அனுப்பித் தல வரலாறும் கல்வெட்டும் கைபீதுகளும் எழுதி வாங்கிய அந்த மனிதர், இந்தச் சின்னத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவர் என்பது நேரில் நிற்கும்போது வியப்பாகத்தான் இருக்கிறது. 1821-இல் வங்காளத்தில் இறந்தார், ஊர் திரும்பவில்லை.

ஊர் திரும்ப முடியாமல் போனவர்களின் நினைவு இந்தத் துறைமுகத்தின் வாசலிலேயே இருக்கிறது. முதல் உலகப்போர் முடிந்து புத்தாண்டுக்கு வீடு திரும்பிய கடற்படை வீரர்கள் பெருநிலத்தின் கைல் துறையில் கூடினார்கள். வழக்கமான தபால் கப்பலில் இடமில்லை. மிச்சமிருந்தவர்களை அயொலேர் என்ற கப்பலில் ஏற்றினார்கள். 1919 ஜனவரி 1 விடியுமுன், ஊர் விளக்குகள் தெரியும் தூரத்தில், ஹோம் பாறைகளில் அது மோதியது. ஏறக்குறைய 280 பேரில் 201 பேர் மாண்டார்கள். ஜான் எஃப். மெக்லியாட் என்பவர் ஒரு கயிற்றோடு நீந்திக் கரையேறியதால் சுமார் நாற்பது பேர் அதைப் பிடித்துப் பிழைத்தார்கள்.

லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். 2009 ஜூலை 19, ஞாயிறன்று ஸ்டார்னவேயிலிருந்து முதல் வாராந்தர ஞாயிறு ஃபெரி கிளம்பியபோது ஒரு தரப்பு கைதட்டியது, இன்னொரு தரப்பு பிரார்த்தனை செய்தது. இரு தரப்பின் வாதத்திலும் எனக்கு மரியாதை உண்டு. என்றாலும், தாயின் சாவுக்குப் போக வேண்டியவர் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டும் என்றால், ஓடவேண்டியது கப்பல் என்றே சொல்வேன்.

2015 முதல் ஸ்டார்னவே-அல்லபூல் தடத்தில் லாக் சீஃபோர்த் என்ற கப்பல் ஓடுகிறது. 116 மீட்டர் நீளம், 700 பயணிகள். 2021-இல் அதன் இயந்திரம் பழுதானபோது ஏறத்தாழ ஏழு வாரம் தடம் முழுதும் தடுமாறியது. மாற்றுக் கப்பலை வேறொரு தீவிடமிருந்துதான் பிடுங்க வேண்டியிருந்தது. கட்டணம் குறைந்ததில் கேம்பர்வேன்கள் பெருகின. கோடையில் வெளியூர்க்காரர் மாதக்கணக்கில் முன்பதிவு செய்துவிட, உள்ளூர்க்காரருக்கு நாளைய கப்பலில் இடம் கிடைப்பதில்லை. 2015-இல் ஆர்டர் செய்த இரண்டு புதுக் கப்பல்களில் முதலாவதான கிளென் சானக்ஸ் ஓடத் தொடங்கியது 2025 ஜனவரியில். செலவு நான்கு மடங்கைத் தாண்டியது. துருக்கியில் நான்கு கப்பல்கள் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். சாலை என்று கட்டணத்தில் ஒப்புக்கொண்டவர்கள், இடத்திலும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கப்பலிலும் தீவில் குடியிருப்பவருக்கென்று கடைசி நாள்வரை கொஞ்சம் தளம் ஒதுக்கி வைப்பது தீவுகளுக்குச் செய்யும் சலுகை ஆகாது.

மின்ச் கடலை இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகக் கடந்து, சம்மர் தீவுகளை ஒட்டி, நீண்ட ஏரிபோன்ற கடல்வாய்க்குள் நுழைந்தால் அல்லபூல். மீன்பிடிக்கென்றே 1788-இல் வகுத்த ஊர். கரையோரம் நூல் பிடித்தாற்போல் வெள்ளை வீடுகள். இங்கே ரயில் போட நாடாளுமன்றம் 1890-இல் சட்டமே செய்தது, தண்டவாளம் வரவில்லை. அதனால் இறங்குவதெல்லாம் சாலைக்குத்தான். இன்வர்னெஸ் பேருந்து காத்து நிற்கிறது. கப்பலின் வாய் திறந்ததும் முன்னே வெளியேறியது, உயிருள்ள இறாலும் நண்டும் ஏற்றிய குளிர்பதன லாரி. தீவுக் கடலில் பிடித்ததில் பெரும்பகுதி ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் போகிறது. தவறவிட்ட ஒரு கப்பல் அந்தச் சரக்குக்கு ஒரு நாள் குறைவு, சில நேரம் முழு நஷ்டம். ஓட்டுநர் யாரையும் திரும்பிப் பார்க்காமல் கியரை மாற்றி மேடேறிப் போனார்.