முடிவு தெரிஞ்ச கதையை யாரு படிப்பா?

நீங்க ஒரு த்ரில்லர் நாவல் எழுதியிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். ஒரு நாட்டோட அதிபரைச் சுட ஒரு கூலிக்கொலைகாரன் கிளம்பறான். அந்த அதிபர் கற்பனைப் பாத்திரம் இல்லை, நிஜமான ஆள். நீங்க எழுதி முடிக்கிற நேரத்துல அவர் பதவியை விட்டுட்டுக் கிராமத்து வீட்டுல நல்லபடியா உட்கார்ந்து தன்னோட நினைவுகளை எழுதிட்டிருக்கார். ஆக, கொலைகாரன் தோத்துடுவான்னு முதல் பக்கத்தைத் திறக்கறதுக்கு முன்னாடியே உலகத்துக்கே தெரியும். இந்தக் கதையை எந்தப் பதிப்பாளர் வாங்குவார்?

யாரும் வாங்கலை. 1970 பிப்ரவரியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் நாலு பதிப்பகங்களுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தது அந்தக் கையெழுத்துப் பிரதி. எழுதினவர் ஃபிரெடரிக் ஃபோர்சைத். நாவல், 'தி டே ஆஃப் தி ஜாக்கல்'. அந்த அதிபர் பிரான்ஸின் சார்ல் தெ கோல்.

ஃபோர்சைத் 2025 ஜூன் 9-ம் தேதி, 86 வயசுல காலமானார். அவரைப் பத்திப் பேச்சு வந்தா எல்லாரும் முதல்ல சொல்றது, "35 நாள்ல எழுதினாராமே!" எங்க வகுப்புலயும் இதேதான். ஒருத்தன் உடனே கணக்குப் போட்டான். "செமஸ்டர் லீவே நாப்பது நாள் வருது மச்சி, ஒரு நாவல் போட்டுடலாம்." அவன் போட்டுட்டானான்னு கேக்காதீங்க. :-)

எனக்கு இந்த 35 நாள் கணக்குல கொஞ்சம் சண்டை இருக்கு. டைப்ரைட்டர்ல அடிக்க 35 நாள் ஆச்சு, அது சரி. ஆனா அந்த நாவல் தயாராக எட்டு வருஷம் ஆயிருக்கு.

ஃபோர்சைத் இங்கிலாந்தோட கென்ட் பகுதியில 1938-ல பிறந்தவர். விமானப்படையில பைலட்டா இருந்துட்டு ஒரு உள்ளூர் பத்திரிகையில வேலை கத்துக்கிட்டு, 1961-ல ராய்ட்டர்ஸ்ல சேர்ந்தார். பிரெஞ்சு நல்லா வரும்கிறதால பாரிஸுக்கு அனுப்பினாங்க. அப்போ பாரிஸ் கொதிச்சுட்டிருந்த நேரம். அல்ஜீரியாவுக்குச் சுதந்திரம் கொடுத்ததால தெ கோல் மேல ஓஏஎஸ்-ங்கற ரகசியப் படைக்குக் கொலைவெறி. 1962 ஆகஸ்ட் 22-ம் தேதி பாரிஸ் பக்கத்துல பெத்தி கிளமார்ங்கற இடத்துல அவர் கார் மேல நூத்துக்கும் மேல குண்டுகளைச் சுட்டாங்க. டயர் கிழிஞ்சது, கண்ணாடி உடைஞ்சது, அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதுக்குத் தலைமை தாங்கின பாஸ்தியன் தியரியை 1963 மார்ச் 11-ல சுட்டுத் தண்டிச்சாங்க. நாவலோட முதல் காட்சியே அந்தத் தண்டனைதான்.

அந்த நாட்கள்ல ஃபோர்சைத்தோட வேலை தெ கோல் எங்க போனாலும் பின்னாடி போறது. ஏதாவது ஆச்சுன்னா முதல் ஆளா செய்தி அனுப்பணுமே! அப்படியே பாதுகாவலர்களோடயும் பழக்கமாச்சு. அவங்க எப்படி யோசிக்கிறாங்க, கூட்டத்துல எங்க நிப்பாங்கன்னு எல்லாம் மனசுல ஏறிச்சு. கடைசியில அவருக்குத் தோணினது இது: ஓஏஎஸ் ஆளுங்க எல்லாரோட பேரும் போலீஸ் ஃபைல்ல இருக்கு, அவங்களுக்குள்ளயே உளவாளிகள் இருக்காங்க, அதனால அவங்களால முடியாது. எந்த ஃபைல்லயும் பேரே இல்லாத ஒரு வெளியாள் வந்தா...? இந்தக் கேள்விதான் நாவல்.

ஆனா அதை உடனே எழுதலை. கிழக்கு பெர்லின், அப்புறம் பிபிசி, அப்புறம் 1967-ல நைஜீரியாவுல பயாஃப்ரா போர். பிபிசியோட ஒத்துப்போகாம 1968-ல வெளியே வந்து, தனி ஆளா அந்தப் போருக்கே திரும்பிப் போனார். 1969-ல பயாஃப்ரா பத்தி ஒரு புத்தகம் எழுதினார். லண்டனுக்குத் திரும்பினப்போ வேலை இல்லை, வீடு இல்லை, கையில காசு இல்லை. நண்பரோட ஃபிளாட்ல தங்கிக்கிட்டு 1970 ஜனவரியில பழைய டைப்ரைட்டரை எடுத்து வெச்சு உட்கார்ந்தார். கடனை அடைக்கத்தான் எழுதினேன்னு பின்னாடி ஒளிவுமறைவில்லாம சொல்லியிருக்கார். எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சுப்போனதே இதனாலதான்.

இப்போ அந்த நாலு பதிப்பகங்களுக்கு வருவோம். அவங்களை முட்டாள்னு திட்டறது சுலபம். ஆனா அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். தெ கோல் சாகலைன்னு எல்லாருக்கும் தெரியும், அப்புறம் சஸ்பென்ஸ் எங்கேர்ந்து வரும்? நியாயமான கேள்வி. "கொல்வானா மாட்டானா"ங்கறதுதான் கேள்வின்னா, புத்தகம் செத்த புத்தகம்தான்.

ஃபோர்சைத் பண்ணின புத்திசாலித்தனம் அடுத்த கட்டத்துலதான் இருக்கு. கதையை மாத்தலை. முடிவையும் மாத்தலை. சின்னதா ஒரு சுருக்கம் எழுதினார். இது கொலை நடக்குமா நடக்காதாங்கற கதை இல்லை. அவன் எப்படித் தயாராகிறான், இவங்க அவனை எப்படித் தேடிப் பிடிக்கிறாங்கங்கற கதைன்னு அதுல தெளிவா சொன்னார். அதோட ஹட்சின்சன் பதிப்பகத்துல ஆசிரியரா இருந்த ஹெரால்ட் ஹாரிஸைப் பிடிச்சார். ஹாரிஸ் மூணு நாவலுக்கு ஒப்பந்தம் போட்டார். ஜாக்கலுக்கு முன்பணம் 500 பவுண்ட். முதல் பதிப்பு வெறும் 8,000 பிரதி.

நடுவுல 1970 நவம்பர் 9-ம் தேதி தெ கோல் வீட்டுலயே இயற்கையா இறந்துபோனார். புத்தகம் 1971 ஜூன்ல வந்தது. ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னு வாய்வழியாவே பரவி, மறுபதிப்பு மேல மறுபதிப்பு. 1972-ல அமெரிக்காவுல எட்கர் விருது. 1973-ல ஃப்ரெட் ஜின்னமன் இயக்கத்துல படம்.

படிச்சவங்களுக்குத் தெரியும், அந்த நாவல்ல நம்ம நெஞ்சு அடிச்சுக்கற இடம் கடைசிக் குண்டு மட்டும் இல்லை. சின்ன வயசுல செத்துப்போன ஒரு குழந்தையோட பிறப்புச் சான்றிதழை வெச்சு அவன் பாஸ்போர்ட் வாங்கற இடம். பெல்ஜியத்துல ஒரு துப்பாக்கித் தொழிலாளிகிட்ட உட்கார்ந்து தனக்கு வேண்டிய துப்பாக்கியை நிதானமா விவரிக்கிற இடம். காட்டுல முலாம்பழத்தைத் தொங்கவிட்டுக் குறி பார்க்கிற இடம். அந்தப் பக்கம் லெபெல்னு ஒரு சாதாரண போலீஸ்காரர், பேர்கூடத் தெரியாத ஒருத்தனை ஃபைல் ஃபைலா தேடற இடம். முடிவு தெரிஞ்சும் நாம பக்கத்தைத் திருப்பறோம். ஏன்னா, ஒரு வேலையைத் தெரிஞ்சவன் செய்யறதைப் பக்கத்துல நின்னு பார்க்கிற சுகம் அது. தச்சர் இழைக்கிறதைச் சின்னப் பசங்க வேடிக்கை பார்ப்பாங்களே, அந்த மாதிரி.

இதெல்லாம் இவ்வளவு நீட்டி முழக்க எனக்குச் சொந்தக் காரணம் ஒண்ணு இருக்கு.

எங்க அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். நான் எழுதிட்டிருக்கிற நாவல் ஒரு நைட் சர்வீஸ் பஸ்ல நடக்குது. கலெக்ஷன் பையோட ஒரு கண்டக்டர் காணாமப் போறார். இன்வாய்ஸ்ல எழுதின டிக்கெட் நம்பருக்கும் பையில இருக்கவேண்டிய பணத்துக்கும் கணக்கு எப்படி இடிக்கும், எந்த ஸ்டேஜ்ல செக்கிங் ஏறுவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு டிரைவருக்குத் தூக்கம் வராம இருக்க என்ன பேசுவாங்க... எல்லாம் அப்பா சொல்லித் தெரிஞ்சது. ரூம்மேட் படிச்சுட்டுச் சொன்னான், "பாரிஸ், லண்டன்னா த்ரில்லர்டா. தர்மபுரி டு சேலம் பஸ்ல என்ன த்ரில்?" முதல் மூணு அத்தியாயத்தை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். ரெண்டு வரி பதில் வந்தது. கண்டக்டர் திருடலைன்னு மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சுடுது, அதனால சஸ்பென்ஸ் இல்லையாம்.

திருடலைன்னு வாசகருக்குத் தெரியணும்னுதான் எழுதினதே! அவர் திருடலைன்னு நமக்குத் தெரியும், டெப்போவுக்குத் தெரியாது. அதை நிரூபிக்க ஒரு இன்வாய்ஸ் தாள்தான் இருக்கு. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கங்கறதுதான் கதை.

இதனால என் நாவல் ஜாக்கல் ஆயிடாது. நாலு பேர் திருப்பி அனுப்பின பிரதி எல்லாமே நல்ல பிரதின்னு ஒரு சட்டமும் கிடையாது. திரும்பி வந்து அப்படியே பரண்ல கிடக்கிற ஆயிரக்கணக்கான நாவல்களைப் பத்தி யாரும் கட்டுரை எழுதறதில்லையே. அந்தப் பதிப்பகம் சொன்னது சரியாவும் இருக்கலாம். "எப்படி"ங்கறதை நான் இன்னும் பலமா எழுதணும், அவ்வளவுதான்.

நேர்ல பார்த்தாதான் எழுத முடியும்னும் இல்லை. டாம் கிளான்சி கடற்படையில ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. மேரிலாந்துல இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். நீர்மூழ்கிக் கப்பல் பத்திப் படிச்சுப் படிச்சே 'தி ஹன்ட் ஃபார் ரெட் அக்டோபர்' எழுதினார். அதை 1984-ல வெளியிட்டது நேவல் இன்ஸ்டிட்யூட் பிரஸ். கடற்படைப் புத்தகங்களா போட்டுட்டிருந்த இடம். அவங்க போட்ட முதல் புது நாவலே அதுதான். வேலையோட நுணுக்கம் தெரிஞ்சவங்கதான் அந்தக் கதையோட ருசியை முதல்ல கண்டுபிடிச்சிருக்காங்க.

அதனால இப்போ நான் அத்தியாயத்தைத் திருத்தறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு பக்கம் எழுதிட்டிருக்கேன். "இது யார் திருடினாங்கங்கற கதை இல்லை"ன்னு ஆரம்பிக்குது. அடுத்த பதிப்பகத்துக்கு அது முதல்ல போகும், நாவல் பின்னாடி போகும். அந்த ஒரு பக்கத்துக்கு நாவலை விட அதிகமா மண்டை காயுது, நிஜமா.

நீங்க எழுதறவங்களா இருந்தா உங்களுக்கு ஒரு வேலை. உங்க கதையோட முடிவை முதல் வரியிலேயே யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. அதுக்கப்புறமும் "அப்புறம் எப்படி ஆச்சு?"ன்னு கேட்டாங்கன்னா, தைரியமா எழுதுங்க.